கரண்ட் வைத்து முடித்தபின் திரும்பி வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்று: பெவாசிசுமாப், பெம்ப்ரோலிசுமாப் யாருக்கு, எதைப் பார்த்து?

பள்ளத்தூர் நர்ஸ் (கேள்வி)

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துக் குடும்பங்களின் கையில் கொடுக்க இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்று தயாராகிறது. மதுரையிலோ திருச்சியிலோ 25 நாள் வெளிக் கரண்ட் (கதிர்வீச்சு), கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ, அதன்பின் உள் கரண்ட் என்று முறையாக முடித்து, ஓரிரு வருடத்தில் இடுப்புக்குள்ளோ நுரையீரலிலோ நோய் திரும்பியவர்களுக்கான குறிப்பு இது. புதிதாக நோய் கண்டவர்களுக்கு இல்லை.

பெவாசிசுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டையும் பற்றி "டார்கெட்டட் ஊசி" என்ற பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. அது எதைக் குறிவைக்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கீமோ வேண்டாம், ஊசி மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குத் தேவை மூன்று விஷயம். மருந்து தொடங்குமுன் எந்தச் சோதனை கட்டாயம்? கரண்ட் பட்ட இடுப்பில் பெவாசிசுமாப் எவ்வளவு ஆபத்து? ஒரு டிரிப்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் 21 நாளில் வீட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பொத்தாம்பொதுவாக "டாக்டரைக் கேளுங்கள்" என்பது வேண்டாம், அதை நானே எழுதிவிடுவேன்.

மெழுகுக்கட்டை

சிஸ்டர், மருந்துப் பேச்சுக்கு முன்னால் பிளாக். உங்கள் குறிப்பின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.

சதை டெஸ்டுக்கு எடுத்த துணுக்கு, ரிப்போர்ட் வந்ததும் குப்பைக்குப் போய்விடுவதில்லை. மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சிறிய பிளாஸ்டிக் கூண்டோடு லேபில் வைத்திருப்பார்கள். கூண்டின் சரிவான விளிம்பில் வருடமும் எண்ணும் இருக்கும். அந்த எண் பயாப்சி ரிப்போர்ட்டின் மேல் மூலையிலும் இருக்கும். குடும்பத்தார் செய்ய வேண்டியது, ரிப்போர்ட் நகலோடு போய் எழுதிக் கொடுத்து பிளாக்கை வாங்கி வருவது. வண்டி டேஷ்போர்டில் வெயிலில் போட்டால் மெழுகு இளகும். சிறு டப்பாவில் பஞ்சு வைத்து, கைப்பையில் கொண்டுவந்தால் போதும்.

அதில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் பிடி-எல்1 என்ற புரதம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு இதைச் சிபிஎஸ் என்ற எண்ணாகச் சொல்வார்கள். நிறம் பிடித்த புற்றுச் செல், லிம்போசைட், மேக்ரோஃபேஜ் (பின்னிரண்டும் நோய் எதிர்ப்புச் செல்கள்) மூன்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தப் புற்றுச் செல்லால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் சிபிஎஸ். 200 புற்றுச் செல்லில் 14 நிறம் பிடித்து, சுற்றிலும் 10 லிம்போசைட்டும் மேக்ரோஃபேஜும் நிறம் பிடித்திருந்தால் 24-ஐ 200ஆல் வகுத்து 100ஆல் பெருக்க, 12 வரும். பெம்ப்ரோலிசுமாபுக்கு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. நுரையீரல் புற்றுக்குப் பயன்படும் டிபிஎஸ் என்ற கணக்கைப் போட்டு ரிப்போர்ட் அனுப்பிவிடுவார்கள். டிபிஎஸ் புற்றுச் செல்லை மட்டும் எண்ணும், லிம்போசைட்டை விட்டுவிடும். டிபிஎஸ் 0 என்று வந்த கட்டியில் சிபிஎஸ் 5 இருக்கலாம். ஆகவே கோரிக்கைத் தாளில் "சிபிஎஸ், 22சி3" (பிடி-எல்1-க்கான சாயத்தின் பெயர்) என்று எழுதியே கொடுங்கள்.

இன்னொன்று, துணுக்கில் குறைந்தது 100 உயிருள்ள புற்றுச் செல் வேண்டும். கரண்ட் பட்டபின் எடுத்த துணுக்கில் பாதி செத்த சதையாக இருக்கும், அதை எண்ணிப் பயனில்லை. "போதவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் அதற்கு நெகட்டிவ் என்று அர்த்தமில்லை. இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

புதிதாகத் துணுக்கு எடுப்பதாக இருந்தால் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில், துணுக்கைப் போலப் பத்து மடங்கு அளவில் ஊற்றி, 12 முதல் 72 மணி நேரத்துக்குள் லேபில் பதப்படுத்தலுக்குப் போயாக வேண்டும். சனிக்கிழமை மாலை சலைனில் போட்டு வைத்துத் திங்கட்கிழமை பஸ்ஸில் அனுப்பினால் எந்தச் சாயமும் நம்பத்தக்கதாக இராது. எலும்பில் பரவிய இடத்திலிருந்து எடுத்து, அமிலத்தில் இளக்கிய துணுக்கும் இப்படித்தான், சாயம் சரியாகப் பிடிக்காது. வேறு இடத்துச் சதை இருந்தால் அதைக் கொடுங்கள்.

இரண்டாவது எம்எம்ஆர், அதாவது டிஎன்ஏ பிழையைத் திருத்தும் புரதங்கள்: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. நான்கில் ஒன்று காணாமல் போயிருந்தால் சிபிஎஸ் எதுவானாலும் பெம்ப்ரோலிசுமாபுக்கு வழி உண்டு. மூன்றாவது, செல்லின் மேல் இருக்கும் ஹெர்2 புரதம். 3+ என்று வருகிறவர்கள் குறைவு, ஆனால் அவர்களுக்குத் தனி மருந்து இருக்கிறது. மூன்றும் ஒரே பிளாக்கில், சாதாரண இம்யூனோ சாயத்திலேயே முடியும். நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே மூச்சில் பார்க்கும் விலையுயர்ந்த சோதனையை முதல் நாளே கட்டாயம் என்று யாராவது சொன்னால், இந்த மூன்றும் முடிந்ததா என்று கேளுங்கள்.

இரண்டாங்கட்டு

பெவாசிசுமாப் பற்றி.

இந்த நோயில் பெரும்பகுதிக்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸின் 16, 18 வகைகள், ஏறக்குறைய 70 சதவீதம். வைரஸின் இ6, இ7 புரதங்கள் பி53, ஆர்பி என்ற இரண்டு காவலாளிகளையும் செயலிழக்கச் செய்துவிடும். காவல் போனதும் செல் கட்டுமட்டின்றிப் பெருகும், கூடவே விஇஜிஎஃப் என்ற சமிக்ஞையையும் அதிகமாக வெளியிடும். "எனக்கு ரத்தக்குழாய் வேண்டும்" என்பதுதான் அந்தச் சமிக்ஞை. பெவாசிசுமாப் ரத்தத்தில் அந்த விஇஜிஎஃபைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. புற்றுச் செல்லை அது நேராகத் தொடுவதே இல்லை. கட்டிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைக்கிற வேலைதான் அது செய்வது. அதனால்தான் கீமோ இல்லாமல் ஊசி மட்டும் என்பது இங்கே எடுபடாது. பேக்லிடாக்சல் 175 மி.கி./ச.மீ., சிஸ்பிளாட்டின் 50 மி.கி./ச.மீ., இவற்றோடு பெவா (பெவாசிசுமாப்) கிலோவுக்கு 15 மி.கி., 21 நாளுக்கு ஒரு முறை. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியிருந்தால் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின்.

கிரியாட்டினின் ஏறிய கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் சிறுநீர்க்குழாயைக் கட்டி வெளியிலிருந்து நெருக்கி, சிறுநீரகம் வீங்குவது சகஜம். அதைக் கவனிக்காமல் "கிட்னி வீக், கீமோ தாங்காது" என்று அனுப்பிவிடுவார்கள். முதலில் ஸ்கேன். வீக்கம் இருந்தால் சிறுநீர் வடிய முதுகுவழிக் குழாயோ உள்ளே ஸ்டென்டோ வைத்து, கிரியாட்டினின் இறங்கியபின் கணக்குப் போட வேண்டும்.

பெவா சேர்த்ததால் என்ன கிடைத்தது? ஜிஓஜி 240 ஆய்வில் 452 பெண்கள். 2014-இல் வெளிவந்த முடிவில் நடு ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 13.3 மாதம், பெவா சேர்த்தவர்களுக்கு 17 மாதம். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி. ஏறத்தாழ நாலு மாதம். குடும்பத்தார் கேட்டால் இந்த எண்ணை மறைக்க வேண்டாம். "குணமாக்கும்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. அதே ஆய்வில் மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்தது பெவா பெற்றவர்களில் 8.3 சதவீதம், பெறாதவர்களில் 0.9. அப்படி ஓட்டை விழுந்த அத்தனை பேரும் முன்பு இடுப்பில் கரண்ட் வைத்துக்கொண்டவர்கள். கரண்ட் பட்ட சுவரில் ரத்தக்குழாய் ஏற்கெனவே மெலிந்து கிடக்கிறது. புதுக் குழாய் முளைத்துத்தான் அங்கே ஆறும். அந்த முளைப்பையே தடுக்கிற மருந்தைக் கொடுக்கிறோம். கட்டி சுவரையே தின்றுகொண்டிருந்தால், அது கரையும்போது அந்த இடம் பொத்தலாகிவிடும்.

ஆகவே பெவா தொடங்குமுன் இடுப்பு எம்ஆர்ஐ பார்த்து, சிறுநீர்ப்பையின் உள்தோலோ மலக்குடல் உள்தோலோ கட்டியால் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டோஸ்கோப்பி. நோய் இடுப்பு நடுவில் திரும்பி, உள்தோல் வரை போயிருந்தால் பெவாவை விடுவதே நல்லது. நுரையீரலிலோ கழுத்து நெறிக்கட்டியிலோ மட்டும் திரும்பி, இடுப்பு சுத்தமாக இருந்தால் துணிந்து கொடுக்கலாம். ஒரே மருந்துதான். நோய் எங்கே திரும்பியிருக்கிறது என்பது கணக்கையே மாற்றிவிடுகிறது.

கோட்டையூர் மருந்துக்கட்டு

கலக்குவதில் நடக்கும் தப்புகளைச் சொல்கிறேன்.

பெவா குப்பி 100 மி.கி. (4 மி.லி.), 400 மி.கி. (16 மி.லி.) இரண்டு அளவில் வரும். மி.லி.க்கு 25 மி.கி. 52 கிலோ எடையுள்ளவருக்கு 780 மி.கி., அதாவது 31.2 மி.லி. இரண்டு 400 குப்பி வாங்கினால் 20 மி.கி. மிஞ்சும். 780-ஐ 800 ஆக்கி முழுதும் ஏற்றுவது பல இடத்தில் வழக்கம், அது இரண்டரை சதவீதம்தான் கூடுதல், டாக்டர் கையெழுத்து இருந்தால் செய்யலாம். மிஞ்சியதை அடுத்த தவணைக்கு ஃப்ரிட்ஜில் வைக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. குப்பியில் கிருமித்தடுப்பு எதுவும் சேர்ப்பதில்லை.

நார்மல் சலைன் 100 மி.லி. பையில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது, அதே லைனில் ஓடவும் விடக் கூடாது. இதில் ஒரு விபரீதம் பாருங்கள்: ஹெர்2 3+ உள்ளவர்களுக்குத் தரும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் நேர் எதிர், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டும்தான் கலக்க வேண்டும், சலைன் ஆகாது. இரண்டு மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கும் இடத்தில் பையின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டாமல் இருப்பது குற்றம். பெம்ப்ரோலிசுமாபுக்கு இரண்டும் சரி, ஆனால் 0.2 முதல் 5 மைக்ரான் வரை உள்ள ஃபில்டர் லைனில் இருக்க வேண்டும்.

எதையும் குலுக்காதீர்கள். புரத மருந்து, நுரை வந்தால் கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

ஏற்றும் நேரம்: முதல் தடவை 90 நிமிடம், தொந்தரவு இல்லையென்றால் இரண்டாவது 60, மூன்றாவதிலிருந்து 30. "அக்காவுக்குப் பஸ் போயிடும்" என்று முதல் தடவையே அரை மணியில் ஓட்டிவிடாதீர்கள்.

மதுரையில் வாங்கிக் காரைக்குடியில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2 முதல் 8 டிகிரி. தெர்மாகோல் பெட்டி, இரண்டு ஜெல் பேக், நடுவில் துணி, துணிக்குள் அட்டைப் பெட்டியோடு மருந்து. ஜெல் பேக்கைக் குப்பியோடு ஒட்ட வைத்தால் மருந்து உறைந்துவிடும். வெயிலில் போனதைவிட உறைந்ததால் வீணானவைதான் அதிகம் என்பது என் கணிப்பு. உறைந்து உருகிய குப்பி பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் பயன்படுத்த முடியாது. வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதானால் நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல். கதவுத் தட்டிலும் ஃப்ரீஸருக்கு அடியிலும் வேண்டாம்.

பயோசிமிலர், அதாவது மூல மருந்தைப் போலவே வேறு கம்பெனி தயாரிப்பது, பற்றியும் கேட்பார்கள். இந்தியாவில் பெவாசிசுமாப் பயோசிமிலர் பல கம்பெனிகளுடையது கிடைக்கிறது, மூல மருந்தைவிட விலை நன்றாகக் குறைவு. "டூப்ளிகேட்" என்று பயப்பட வேண்டாம். ஆனால் தவணைக்குத் தவணை பெயர் மாறினால் பேட்ச் எண்ணோடு நோட்டில் எழுதிவையுங்கள். அலர்ஜி வந்தால் எந்தக் குப்பி என்று தெரிய வேண்டும்.

பள்ளத்தூர் நர்ஸ்

நன்றி அண்ணே, பாட்டாலஜிக்காரருக்கும் நன்றி. எம்ஆர்ஐ விஷயம் குறிப்பில் ஏறிவிட்டது. வீட்டில் பிரஷர் பார்ப்பது பற்றி யாராவது விரிவாக எழுதினால் நல்லது. எந்திரம் பல வீட்டில் இருக்கிறது, காட்டும் எண்தான் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி.

செக்காலை டே-கேர்

எந்திரத்தில் குற்றமில்லை, உட்காரும் விதத்தில்தான். நம் பக்கத்து வீடுகளில் திண்ணையில் கால் தொங்க உட்கார்ந்தோ, பட்டாலையில் சம்மணம் போட்டோ பார்க்கிறார்கள். இரண்டிலும் எண் சரியாக வராமல் போகலாம். முதுகு சாய்ந்த நாற்காலி, இரு பாதமும் தரையில் பதிந்து, கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருக்கக் கூடாது, கரண்ட் பட்ட பையில் இது ரொம்ப முக்கியம். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. இரண்டையும் எழுதுங்கள். முதுகுவழிக் குழாய் உள்ளவர்கள் சாயும்போது குழாய் மடங்காமல் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு தவணைக்குத் தினமும் காலையில், அதன்பின் வாரம் இரண்டு நாள். ஜிஓஜி 240-இல் பெவா பெற்றவர்களில் கால்வாசிப் பேருக்கு மருந்து தேவைப்படும் அளவுக்குப் பிரஷர் ஏறியது. ஏறினால் பெவாவை நிறுத்துவது முதல் வேலையல்ல, பிரஷர் மாத்திரை தொடங்குவதே முதல் வேலை. 140/90-க்கு மேல் இரண்டு நாள் நின்றால் போன் செய்யட்டும். 180/120 தொட்டால், அதோடு தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, குழப்பம் இவற்றில் ஒன்றும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவு, போனுக்குக் காத்திருக்க வேண்டாம்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உப்புக்கண்டம், மோர்மிளகாய், மாவடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் ஒரே இலையில் வரும் ஊர் நம்முடையது. மருந்து ஏற்றிய வாரம் உப்புக்கண்டத்தைத் தள்ளி வைத்தாலே எண் இறங்கும். நாக்கு செத்துப்போச்சு என்று ஊறுகாய் கேட்பார்கள், எலுமிச்சைச் சாறும் புதினாவும் அந்த இடத்தை நிரப்பும்.

சிறுநீரில் புரதம்: ஒவ்வொரு தவணைக்கு முன்பும் குச்சிச் சோதனை. 2+ வந்தால் 24 மணி நேரச் சிறுநீர் சேர்க்கச் சொல்வார்கள், அதில் 2 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் அந்தத் தவணை தள்ளிப்போகும். 24 மணி சேகரிப்பில் எல்லாரும் தப்புகிற இடம் ஒன்றுதான். காலை 6 மணிக்கு முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு அதன்பிறகே சேர்க்க ஆரம்பித்து, மறுநாள் 6 மணிச் சிறுநீரோடு முடிக்க வேண்டும். முதல் நாள் காலைச் சிறுநீரையும் சேர்த்தால் கணக்கு கூடிப்போகும். குழாய் வைத்தவர்கள் பையிலிருப்பதையும் கேனில் ஊற்றியாக வேண்டும்.

ஓட்டை விழுந்ததன் அடையாளத்தைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பார்கள். நீங்கள் பச்சையாக எழுதிவிடுங்கள்: பிறப்புறுப்பு வழியே காற்று போவது, மலம் கசிவது, எந்நேரமும் மூத்திரம் ஒழுகித் துணி நனைந்துகொண்டே இருப்பது. வெள்ளைப்படுதல் என்று நினைத்து நாப்கின் வைத்துச் சமாளிக்கிறார்கள். மணம் மாறினாலே சொல்ல வேண்டும். மலக்குடல் ஓட்டை உறுதியானால் பெவா அத்தோடு முடிந்தது, மறுபடி தொடங்குவது கிடையாது. கணவரிடமோ மகனிடமோ சொல்ல முடியாவிட்டால் மருமகளிடமோ நர்ஸிடமோ சொல்லலாம் என்று ஒரு வரி போடுங்கள், நிறைய பேருக்கு அந்த அனுமதி தேவைப்படுகிறது.

ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத் திணறல், நிற்காத வயிற்றுவலி, இவையும் அதே பட்டியலில்.

புதுவயல் வாசகர்

பெம்ப்ரோலிசுமாப் முழு அளவு கட்டுப்படியாகாதவர்களுக்குக் குறைந்த அளவு இம்யூனோதெரபி போதும் என்று இந்தியாவிலேயே ஆய்வு வந்திருக்கிறதே. அதைக் குறிப்பில் சேர்க்கலாமே?

இரண்டாங்கட்டு

தம்பி, நீங்கள் சொல்வது டாடா மெமோரியலில் நடந்த ஆய்வு. 20 மி.கி. நிவோலுமாப். தலை, கழுத்துப் புற்றுக்கு, வேறு மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. நல்ல ஆய்வுதான். அதை அப்படியே தூக்கிக் கர்ப்பப்பை வாய்க்கு வைக்க முடியாது. டாக்டர் எல்லாம் தெரிந்து, நோயாளியிடம் சொல்லிவிட்டுச் செய்வது வேறு. கைக்குறிப்பில் அச்சடித்தால் அது விதியாகிவிடும். சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நிரூபணமான அளவு இது: 200 மி.கி. மூன்று வாரத்துக்கு ஒன்று, அல்லது 400 மி.கி. ஆறு வாரத்துக்கு ஒன்று, அரை மணி நேரத்தில். எடைக் கணக்கு இல்லை. கீநோட் 826 ஆய்வில் 617 பெண்கள். சிபிஎஸ் 1 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களில் இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் கீமோவோடு பெம்ப்ரோ பெற்றதில் 53 சதவீதம், பெறாததில் 41.7. பெவா சேர்ப்பது டாக்டர் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதாவது இடுப்புச் சுவர் கெட்டு, பெவா கொடுக்க முடியாதவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. மெழுகுக்கட்டை முதலில் பிளாக்கைப் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான்.

பெம்ப்ரோ வேலை செய்யும் விதம் பெவா மாதிரி இல்லை. புற்றுச் செல் பிடி-எல்1-ஐக் காட்டி, நம் நோய் எதிர்ப்புச் செல்லான டி-செல்லை "நான் உன் ஆள்தான்" என்று ஏமாற்றுகிறது. மருந்து அந்தக் கைகுலுக்கலைத் தடுக்கிறது. தடுத்தபின் டி-செல் கட்டியோடு நிற்காமல் தைராய்டு, குடல், நுரையீரல், ஈரல் என்று எங்கேயும் போகலாம். ஊசி நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். எனவே பர்ஸில் ஒரு அட்டை: "பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்", கடைசித் தேதி, ஆஸ்பத்திரி எண்.

நம் ஊர்க் கிளினிக்கில் தவறவிடப்படுவது எது என்றால், பேதிதான். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவை கூடப் போனால், அது சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்து லோபராமைட் கொடுத்து அனுப்பக் கூடாது. ஆனால் இவர்கள் கரண்ட் வைத்தவர்கள், ஏற்கெனவே மலக்குடல் புண்ணால் சளியும் ரத்தமுமாக அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். வித்தியாசம் இங்கேதான். பழையது சிறிய அளவு, சளி, முக்கல். புதியது தண்ணீராக, நிறைய, ராத்திரியிலும் எழுப்பும். மலச் சோதனையில் கிருமி இல்லையென்று பார்த்துவிட்டு ஸ்டீராய்டு, கிலோவுக்கு 1 மி.கி. பிரெட்னிசோலோன் கணக்கில். குறைக்கும்போது நான்கு வாரத்துக்குக் குறையாமல், படிப்படியாக. பத்து நாளில் நிறுத்தினால் திரும்பும். ஸ்கோப் போட்டுத் துணுக்கு எடுப்பதானால் மலக்குடலின் முன்சுவரில் எடுக்க வேண்டாம். கரண்ட் பட்ட அந்தச் சுவரில் குத்துவதே ஓட்டைக்கு வாசல் திறப்பது. பின்சுவரிலோ இன்னும் மேலே சிக்மாய்டிலோ எடுக்கலாம்.

அசதியை ரத்தசோகை என்று தள்ளிவிடாதீர்கள். தொடங்குமுன்னும், பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறையும் டிஎஸ்எச், டி4. தைராய்டு குறைந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஊசியைத் தொடரலாம். அசதியோடு வாந்தியும் பிரஷர் இறக்கமும் இருந்தால் காலைக் கார்ட்டிசால் (அட்ரீனல் ஹார்மோன்) பார்க்க வேண்டும். தைராய்டு, கார்ட்டிசால் இரண்டும் குறைந்திருந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் முதலில், தைராக்சின் பிறகு. வரிசை மாறினால் ஆள் சரிந்துவிடுவார். சர்க்கரை நோயே இல்லாதவருக்குத் திடீரென்று தாகமும் எடை இறக்கமும் வந்தால் அன்றே சர்க்கரையும் கீட்டோனும். வறட்டு இருமலுக்குச் சிரப் வாங்கும் முன் ஆக்சிஜன் அளவு.

சித்த மருந்து, கஷாயம் எடுப்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். தடுப்பதற்காகக் கேட்கவில்லை. ஈரல் என்சைம் ஏறினால் ஊசியா கஷாயமா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும்.

மாத்திரைக் கேள்விக்கும் பதில்: இந்த நோயில் வழக்கமாகக் கொடுக்கத்தக்க குறிவைப்பு மாத்திரை இல்லை. எர்லோடினிப் போன்ற இஜிஎஃப்ஆர் மாத்திரைகள் நுரையீரலில் வேலை செய்தன, இங்கே செய்யவில்லை. என்டிஆர்கே, ரெட் மரபணு இணைவு உள்ள மிக அரிதானவர்களுக்கு மட்டும் மாத்திரை.

மெழுகுக்கட்டை

டிசோட்டுமாப் வெடோட்டின் பற்றி யாரும் தொடவில்லை, கேட்பார்கள். பெவாவும் பெம்ப்ரோவும் முடிந்து நோய் மீண்டும் வளர்ந்தால் வரும் பெயர் அது. கட்டியின் மேல் இருக்கும் டிஷ்யூ ஃபேக்டர் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, தன்னோடு சுமந்துவரும் எம்எம்ஏஇ என்ற விஷத்தைச் செல்லுக்குள் இறக்கும். கிலோவுக்கு 2 மி.கி., மூன்று வாரம் ஒருமுறை, 200 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. இதற்கு பிளாக்கில் தனிச் சோதனை தேவையில்லை. 502 பேர் ஆய்வில் நடு ஆயுள் 9.5 மாதத்திலிருந்து 11.5 ஆனது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் முழு அனுமதி.

கண்ணுக்குத்தான் ஆபத்து. தொடங்குமுன் கண் டாக்டர். ஒவ்வொரு தவணையிலும் ஏற்றுமுன் ஸ்டீராய்டு சொட்டு, அதை அடுத்த 72 மணி நேரமும் தொடர வேண்டும். ஏற்றுவதற்குச் சற்று முன் ரத்தக்குழாயைச் சுருக்கும் சொட்டு, ஏற்றும் நேரம் முழுக்கக் கண்மேல் குளிர்ந்த பட்டை. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு தினமும், கடைசி ஊசி முடிந்து 30 நாள் வரை. காண்டாக்ட் லென்ஸ் கூடாது. மூக்கில் ரத்தம், கை கால் மரத்துப்போவது, இவையும் வரும். பேக்லிடாக்சலால் ஏற்கெனவே மரத்த விரல் உள்ளவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும்.

கவுண்டர் நாலு

பணம் பற்றிச் சுருக்கமாக. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள். கார்டு இல்லாதவர்கள் வி.ஏ.ஓ. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். கார்டு இருப்பதாலேயே எல்லா மருந்தும் கிடைத்துவிடும் என்று எழுதாதீர்கள். எந்த மருந்து எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேட்டு, ஏற்றுவதற்கு முன்னாலேயே ப்ரீ-ஆத் (முன் அனுமதி) வாங்க வேண்டும். ஏற்றிய பிறகு விண்ணப்பித்தால் திரும்பி வரும்.

சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ரயிலில் சலுகை உண்டு. புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி இரண்டிலும் முழு விலக்கு, கூட வருபவருக்கு 75 சதவீதம். உட்காரும் வகுப்பிலும் சேர் காரிலும் இருவருக்கும் 75. பல்லவன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் கிடையாது, ஆகவே அதில் 75தான். முழுச் சலுகை வேண்டுமானால் ராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடி வழியாகப் போகும் இரவு வண்டி. ஆஸ்பத்திரி முத்திரையோடு படிவம் இல்லாமல் டிக்கெட் கவுண்டரில் வாதாடிப் பயனில்லை.

பள்ளத்தூர் நர்ஸ்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. பெவாவுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே 28 நாள் இடைவெளி என்று படித்தேன். முதுகுவழிக் குழாய் மாற்றுகிறவர்கள், கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதிக்கும் சிறு கருவி) வைக்கிறவர்களும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டுமா?

இரண்டாங்கட்டு

28 நாள் என்பது பெரிய ஆபரேஷனுக்கு. முன்னும் பின்னும், புண் முழுக்க ஆறியபின். மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 நாள் ஆகிறது, அதிலிருந்து வந்த கணக்கு. பழைய துளை வழியாகவே குழாய் மாற்றுவதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, பிரஷரும் பிளேட்லெட்டும் பார்த்துவிட்டு மாற்றலாம். அடைத்த குழாயை 28 நாள் விட்டால் சிறுநீரகம் போய்விடும். போர்ட் வைப்பது புதுக் கீறல், முடிந்தால் பெவா தொடங்குமுன்பே வைத்துவிடுங்கள். நடுவில் வைக்க நேர்ந்தால் அடுத்த பெவாவுக்கு ஒரு வாரமாவது இடைவெளி விட்டு, தையலைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். தையல் ஓரம் சிவந்தோ கசிந்தோ இருந்தால் அந்தத் தவணை கீமோ மட்டும்.